ஒப்பித்தலும் படித்தலும்

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோர் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

சாலை, குடிநீர், தெருவிளக்கு, தொகுப்பு வீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வட்டார வளர்ச்சி அலுவலரின் வேலை. பச்சைக் குழந்தைக்கு எழுத்து கற்பிக்கும் முறையைப் பற்றி அவர் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைக்கப்பட்டபோது, அவற்றின் முதன்மையான பொறுப்புகளுள் ஒன்றாகத் தொடக்கக் கல்வி ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் கல்வித் துறையின் வசம் சென்றுவிட்ட போதிலும், பள்ளியின் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்றே இன்றும் எழுதியிருக்கிறோம். கட்டடமும் சுற்றுச்சுவரும் நம் பொறுப்பு. உள்ளே அமர்ந்திருக்கும் குழந்தை மட்டும் பிறர் பொறுப்பு என்று நாம் சொல்லிவிட முடியாது.

கட்டடப் பணிகளைப் பார்வையிடப் பள்ளிகளுக்குச் செல்லும்போது, குழந்தைகளிடம் பாடநூலைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்வது என் வழக்கம். பல குழந்தைகள் தங்குதடையின்றிப் படிப்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். பிறகு, அதே பக்கத்தின் நடுவில் உள்ள ஒரு சொல்லின் மீது விரலை வைத்து, "இது என்ன சொல், தம்பி?" என்று கேட்பேன். சில குழந்தைகள் உடனே சொல்லிவிடுவார்கள். வேறு சிலரோ, பாடத்தின் முதல் வரியிலிருந்து மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தை அடைந்த பிறகே விடை சொல்வார்கள். இன்னும் சிலரால் அதுவும் இயலாது. அவர்கள் என் முகத்தையும் ஆசிரியரின் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

முதலாமவர் படிக்கிறார். மற்ற இருவரும் ஒப்பிக்கிறார்கள். கேட்பவர் காதுக்கு மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. ஒப்பித்தலைப் படித்தல் என்று பெற்றோரும் ஊராரும் நம்பிவிடுகிறார்கள். குழந்தையும் அவ்வாறே நம்புகிறது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தடைப்படுவதில்லை. ஆகவே அந்தக் குழந்தை வகுப்புக்கு வகுப்பு ஏறிக்கொண்டே செல்லும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பாடங்கள் நீளும். மனப்பாடம் ஈடு கொடுக்காது. சூழ்நிலையியலும் கணக்கும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடங்களாகிவிடும். அப்போது குழந்தை வாயை மூடிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடும். அதைப் 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று நாமே பெயர் சூட்டிவிடுவோம். பூச்சிமருந்துப் புட்டியின் எச்சரிக்கையையும், கடன் பத்திரத்தில் தான் கையெழுத்திடும் வரியையும் பிறரைக் கொண்டு படிக்கச் செய்து அறியும் நிலைக்கு ஒரு மனிதனை ஆளாக்குவது, பெரும்பாலும் அவனுடைய ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் நாம் கவனியாது விட்ட இந்தச் சிறு வேறுபாடுதான்.

ஆகவே, எழுத்து எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பதை ஆசிரியர் மட்டுமன்றி ஊர் முழுவதுமே ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

முன்னோர் கையாண்ட முறை

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தை முதலில் மணலில்தான் எழுதியது. ஆசிரியர் எழுதிக் காட்டிய எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் ஈடுபட்டன. மணல் எழுத்து பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. முன்னேறிய மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான்.

இந்த முறை கடல் கடந்தும் சென்றது. 1789-ல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்தி வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதையே செய்யுமாறு பணித்தார். ஆசிரியர்கள் ஆர்வம் காட்டாததால், ஏறத்தாழ எட்டு வயதுள்ள சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அது நன்கு நடந்தது. 1797-ல் அவர் இலண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு 'சென்னை முறை' என்னும் பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது.

பின்னர், 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை அவற்றை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லுமாறு செய்தார். மணல் கற்பித்ததையே உப்புத்தாளும் கற்பித்தது. எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கும் குழந்தையைவிட, கையாலும் அறியும் குழந்தை அதை எளிதில் மறவாது.

எனினும், திண்ணைப் பள்ளியின் எல்லாக் கூறுகளையும் நாம் மீண்டும் கொண்டுவர வேண்டியதில்லை. அங்கே பிரம்பு இருந்தது. பொருள் விளங்காமலேயே நூல்களை நெட்டுருச் செய்வதும் இருந்தது. ஊரில் ஒரு சில பிள்ளைகளே அங்குச் சென்றனர். அவர்களுள் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் படிக்க வேண்டும் என்பது நம் காலத்துக் குறிக்கோள். அதற்கு முறையும் செம்மைப்பட வேண்டும்.

தமிழ் எழுத்தின் எளிமையும் இடர்ப்பாடும்

தமிழில் 247 எழுத்துகள் என்று சொன்னவுடன், குழந்தை 247 வடிவங்களை மனத்தில் ஏற்ற வேண்டும் போலும் என்ற மலைப்பு ஏற்படுகிறது. உண்மை அதுவன்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கையே. கால், விலங்கு, சுழி, கொம்பு என்னும் சில குறிகளை அறிந்துகொண்டால் பெரும்பாலான வடிவங்களைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். 'க'வுக்குக் கால் இட்டால் 'கா' என்று அறிந்த குழந்தைக்கு 'மா', 'பா', 'தா' ஆகியவற்றைத் தனித்தனியே கற்பிக்க வேண்டியதில்லை. முன்னர் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை இந்த ஒழுங்குக்கு உட்படாத தனி வடிவங்களில் எழுதப்பட்டு வந்தன. பெரியார் 1935-லேயே தம் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கினார். 1978-ல் தமிழக அரசு அதனை ஏற்று ஆணையிட்டது. அதனால் பெரும் பயன் அடைந்தவர்கள் நம் முதல் வகுப்புக் குழந்தைகள்.

ஆயினும், தமிழ் எழுத்தைக் கற்கும் குழந்தை இடறி விழும் இடங்கள் சில உள்ளன. அவற்றை அறிந்தால்தான் நாம் கைகொடுக்க முடியும்.

முதலாவது, மெய்யெழுத்துகளை நாம் சொல்லிக்கொடுக்கும் வகை. 'இக், இங், இச்' என்று வரிசையாகச் சொல்லி வைக்கிறோம். பெயரளவில் அதில் தவறில்லை. ஆனால், 'பட்டம்' என்னும் சொல்லைக் கண்ட குழந்தை, 'ப - இட் - ட - இம்' என்று கூட்டுகிறது. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பட்டம் வருவதில்லை. குழந்தை நாம் சொல்லிக்கொடுத்ததைப் பிழையின்றிச் செய்தும், சொல் கைக்கு எட்டாமல் போகிறது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியே நிறுத்தாமல், அதற்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து 'பட் - டம்' என்று சொல்லப் பழக்கினால் இந்த இடர் தீரும். 'பட', 'பட்' என்று இரண்டையும் எழுதிக் காட்டி, புள்ளி வந்தால் ஒலி அங்கே அடைபடுகிறது என்பதைக் குழந்தை தன் காதாலேயே உணரச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. 'க' பின்னே நிற்கிறது. ஒலிக்கும்போதோ ககர ஒலி முன்னும் எகர ஒலி பின்னும் வருகின்றன. 'கொ' என்பதில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இது பெருங்குழப்பம். கொம்பையும் எழுத்தையும் ஒருசேர வட்டமிட்டுக் காட்டி, ஒரே மூச்சில் ஒலிக்கப் பழக்க வேண்டும். பெட்டி, செடி, கொடி, தோடு, கோடு போன்ற வீட்டுச் சொற்களில் வைத்துக் கற்பித்தால் விரைவில் பிடிபடும்.

மூன்றாவது, உகர வரிசை. மற்ற குறிகள் எல்லா எழுத்துக்கும் ஒன்றுபோல் அமைய, உகரக் குறி மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ஆனால் அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு ஒரு குடும்பம். து, நு, று, லு, ணு, னு ஒரு குடும்பம். நெடுங்கணக்கு வரிசையில் ஒரே நாளில் பதினெட்டையும் எழுதச் சொல்வதைவிட, குடும்பம் குடும்பமாகக் கற்பிப்பது எளிது. ஊகார வரிசையை உகரம் நன்றாக ஊன்றிய பின் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, ஓரெழுத்து பல ஒலி தரும் இயல்பு. கடல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே. ஒலி மூன்று வகை. இதற்கு விதி சொல்லிக் குழந்தையைக் குழப்ப வேண்டியதில்லை. தங்கம் என்பது இன்ன பொருள் என்று அறிந்த குழந்தை, சொல்லைக் கண்டுகொண்டவுடன் தானாகவே சரியாக ஒலித்துவிடும். பொருள் அறியாத சொல்லில்தான் அது தடுமாறும். எழுத்தையும் ஒலியையும் மட்டும் கற்பித்தால் போதாது, குழந்தைக்குத் தெரிந்த சொல்லில் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டா.

ஐந்தாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. வீட்டில் 'உக்காந்தான்' என்று கேட்கும் குழந்தை, நூலில் 'உட்கார்ந்தான்' என்று காண்கிறது. 'வந்துச்சு' என்பது 'வந்தது' என்று நிற்கிறது. வாழைப்பழம் பல ஊர்களில் வாளப்பளமாகவே வழங்குகிறது. நம் ஒன்றியங்களிலேயே வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குழந்தைகள் உள்ளனர். வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளும் உள்ளனர். அவர்கள் பேச்சைப் பழிப்பது கூடாது. நாள்தோறும் நூல் நடையில் ஒரு கதையை வாசித்துக் காட்டினால், அந்த நடை முதலில் காதில் பழகும். காதில் பழகியது கண்ணுக்கு எளிதாகும்.

எழுத்து முறையா, சொல் முறையா?

எழுத்திலிருந்து சொல்லுக்குப் போவதா, சொல்லிலிருந்து எழுத்துக்கு வருவதா என்ற வாதம் கல்வியாளரிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. எழுத்துகளை முழுவதும் முடித்துவிட்டே சொல்லுக்குப் போவது பழைய முறை. அதில் குழந்தை பல மாதங்கள் பொருளற்ற வடிவங்களோடு போராடிச் சலித்துவிடுகிறது. படத்தையும் சொல்லையும் சேர்த்துக் காட்டி, சொல்லை முழு வடிவமாக மனத்தில் பதியச் செய்வது மற்றொரு முறை. அதில் குழந்தை விரைவில் மகிழ்ச்சி அடைகிறது. ஆனால் படத்தை மறைத்தால் திகைக்கிறது. புதிய சொல்லைக் கண்டால் ஊகிக்கிறது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலும் இந்த வாதம் பெரிதாக நடந்தது. அமெரிக்க நாட்டு வல்லுநர் குழு ஒன்று 2000-ல் வெளியிட்ட அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசைமுறையாகக் கற்பிப்பது பயன் தருகிறது என்று முடிவு கூறியது. எழுத்தும் ஒலியும் அடிக்கடி முரண்படும் ஆங்கிலத்திற்கே அது பொருந்துமானால், பெரும்பாலும் எழுதியவாறே ஒலிக்கும் தமிழுக்கு அது மேலும் பொருந்தும்.

ஆகவே, தெரிந்த சொல்லில் தொடங்கி, அதை ஒலியாகப் பிரித்து, எழுத்தை அறிந்து, அந்த எழுத்துகளைக் கொண்டு உடனே புதிய சொல்லைக் கூட்டும் நடுவழியே நமக்கு ஏற்றது. எடுத்துக்காட்டாக, ஒரு படத்தைப் பற்றிக் குழந்தைகளோடு பேசிய பின் 'படம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதைப் பிரித்துக் காட்டுங்கள். ப, ட, ம ஆகியவை பெரும்பாலும் நேர்கோடுகளால் அமைந்தவை. சின்னஞ்சிறு விரலுக்கு எளியவை. மணலில் எழுதட்டும், காற்றில் விரலால் வரையட்டும். அடுத்த சில நாட்களில் 'மரம்' என்பதிலிருந்து ரகரத்தையும், 'பக்கம்' என்பதிலிருந்து ககரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு காலை அறிமுகம் செய்யுங்கள்.

இப்போது குழந்தையிடம் உள்ளவை ஐந்து எழுத்துகள், ஒரு புள்ளி, ஒரு கால். இவற்றைக் கொண்டே படம், பட்டம், கட்டம், மரம், மாமரம், பக்கம், பாடம், மாடம், காரம், பாரம், காகம், மாமா என்று 12 சொற்களைக் கூட்டிப் படிக்க இயலும். இவற்றுள் பலவற்றை ஆசிரியர் கற்பிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கற்பிக்காத ஒரு சொல்லைத் தானே கூட்டிப் படித்து, அதன் பொருளும் விளங்கும் அந்த நொடியில்தான் குழந்தை படிக்கத் தொடங்குகிறது. 247 எழுத்தும் முடியும் வரை அந்த மகிழ்ச்சியைத் தள்ளி வைப்பானேன்? முதல் மாதத்திலேயே அதற்கு அளித்துவிடலாம்.

அரசு இத்துறையில் பல முயற்சிகளை மேற்கொண்டு வந்திருக்கிறது. 1956-ல் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் வந்த சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் குழந்தையைப் பசியின்றி வகுப்பில் அமரச் செய்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணியின் படிகளைப் போல ஏறிச் செல்லும் முறையைக் கொணர்ந்து, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. ஊர்ப் பெண்கள் பலர் தன்னார்வலர்களாக மாலை வகுப்பு நடத்தினர். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை வகுப்பைக் கொண்டன்றி, கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்க வழி செய்தது. இரண்டாம் வகுப்பில் அமர்ந்திருந்தாலும் அரும்பு நிலையில் உள்ள குழந்தைக்கு அரும்பிலிருந்தே தொடங்குவது நேர்மையான செயல். அதைக் குறைவாகக் கருதும் பெற்றோரிடம் நாம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஊரார் செய்யக்கூடியவை

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் நம்மிடையே பல உண்டு. ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அருகில் அமர்த்திப் படிக்கக் கேட்பதற்கு அவர்களுக்கு நேரம் போதாது. அந்த நேரத்தை ஊர் அளிக்க முடியும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு முதலில் ஒரு சொல். 1975 முதல் நடந்துவரும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியில், எழுத்துக்கு முந்திய கல்வி உங்கள் கையில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் பெற்றோரின் அவசரத்துக்கு இணங்க வேண்டாம். பாட்டு, கதை, பொம்மை, கைதட்டல் ஆகியவையே அந்த வயதின் பாடம். "மா என்று தொடங்கும் பொருள் எது?" என்று கேளுங்கள். மாடு, மாங்காய், மாலை என்று குழந்தைகள் அடுக்குவார்கள். பெயர்களை 'கம் - பு', 'தட் - டு' என்று கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். சொல் என்பது ஒலிகளால் ஆனது என்று காதால் அறிந்த குழந்தை, முதல் வகுப்பில் எழுத்தை எளிதில் பற்றிக்கொள்ளும்.

தாய்மார்களே! எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இப்பணியில் ஆசிரியருக்குத் துணை நிற்க முடியும். நாள்தோறும் இருபது நிமிடம் குழந்தையை அருகில் அமர்த்தி, "இன்று என்ன படித்தாய், எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். வாசித்து முடித்ததும் அந்தக் கதையை அதன் சொந்த மொழியில் சொல்லச் சொல்லுங்கள். படித்தது புரிந்ததா என்பதை அறிய உங்களுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பேருந்தின் ஊர்ப்பலகை, நியாயவிலைக் கடையின் அறிவிப்பு, சோப்பு உறை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றைக் குழந்தை படிக்கட்டும். இவை மனப்பாடம் செய்யாத எழுத்துகள். ஆகவே உண்மையான பாடங்கள். குழந்தை எழுத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தாலும், கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், மந்தம் என்று திட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊராட்சி நூலகங்களைப் பற்றியும் கூற வேண்டும். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகள்தோறும் நூலகங்கள் அமைந்தன. அவற்றுள் சில இன்றும் பயன்படுகின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன. மாலையில் ஒரு மணி நேரம் திறந்து, சிறுவர் கதை நூல்களைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துப் பாயில் பரப்பி வையுங்கள். நூல் கிழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பலர் புரட்டியதால் கிழிந்த நூலை ஒட்டிக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பழக்கத்தை அங்கே ஏற்படுத்துங்கள். நம் மண்ணில் பிறந்து இங்கிலாந்து வரை சென்ற முறை அதுவே அன்றோ!

பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கிராம சபையில் பேசுவோரும் இதுவரை கூரை ஒழுகுகிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்டு வந்தீர்கள். அவற்றைத் தொடர்ந்து கேளுங்கள். அவை என்னைக் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "நம் ஊரில் மூன்றாம் வகுப்பு முடிக்கும் குழந்தைகளுள், இதற்கு முன் பார்த்திராத ஒரு சிறு கதையைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?" இதை அறிய எளிய வழி உண்டு. 2005-ல் தொடங்கிய 'அசர்' ஆய்வில், எழுத்து, சொல், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என நான்கு படிகளை ஒரே தாளில் வைத்து, குழந்தை எந்தப் படி வரை ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். அத்தகைய தாள் ஒன்றை உங்கள் பள்ளி ஆசிரியரே எழுதித் தருவார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்தக் கணக்கு ஆசிரியரைக் குற்றம் சாட்டுவதற்கோ, குழந்தையை நாலு பேர் முன்னிலையில் நிறுத்தி நாணச் செய்வதற்கோ அன்று. பெயர்களைச் சபையில் படிக்கலாகாது. எண்ணிக்கை மட்டும் போதும். பெயர்ப்பட்டியல் ஆசிரியரிடம் இருக்கட்டும். எந்தக் குழந்தைக்கு யார் அருகில் அமர்ந்து இருபது நிமிடம் கேட்பது என்பதை ஆசிரியரும் ஊர்த் தன்னார்வலரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அச்சத்தால் நெட்டுரு வளரும், படிப்பு வளராது. பிழையாகப் படிக்கும் குழந்தைக்கு அதைத் திருத்திக்கொள்ளச் சற்று நேரம் கொடுங்கள். பக்கத்தில் உள்ளவர் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிட்டால், கூட்டிப் படிக்கும் முயற்சியே குழந்தைக்கு இல்லாமற் போகும்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. தனி அரசாணையும் வேண்டியதில்லை. ஒரு தட்டு மணல், சில கதை நூல்கள், நாளொன்றுக்கு இருபது நிமிடம், பொறுமையுள்ள ஒரு காது ஆகியவை போதும். இந்த ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊரும், அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்குள் தன் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைப் பற்றிய கணக்கை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கு எவ்வளவு குறைவாக வந்தாலும் வருந்தாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்த அன்றே அதை அடுத்த படிக்கு ஏற்றும் வேலையைத் தொடங்கிவிடலாம். நூலகச் சாவி எங்கே என்று தெரியாத ஊராட்சிகள் நாளைக்கே அலுவலகத்திற்கு எழுதுங்கள்; அதைத் தேடித் திறந்து தருவது என் பொறுப்பு.